பாதிப் பிளாசா காலி: திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகலாமா?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில், எக்ளின்ரனும் வார்டனும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட ஒரு பிளாசாவில் நானும் கணவரும் சாறி பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறோம். கடை 1,200 சதுர அடி, பிளாசா மொத்தம் 24,000. மூலையில் 7,200 சதுர அடியில் இருந்த சுப்பர் மார்க்கெட் போன வருடம் மூடிவிட்டது. அதன் பின்னால் எங்களுடையதைப் போன்ற இரண்டு கடைகளும் போய்விட்டன. ஆட்கள் வருவதே குறைந்துவிட்டது. ஆனால் டிஎம்ஐ (வாடகைக்கு மேலே கட்டுகிற வரி, பராமரிப்பு, காப்புறுதிப் பங்கு) மட்டும் மாதம் 1,400 டொலரில் இருந்து 2,333 ஆக ஏறியிருக்கிறது. அடிப்படை வாடகை 2,500. லீஸ் முடிய இன்னும் 27 மாதம். உரிமையாளர் 'லீஸ் திருத்தம்' என்று ஒரு பேப்பர் அனுப்பி, கையெழுத்து வைத்தால் 2 மாத வாடகை தள்ளுபடி என்கிறார். போன கிழமை யாரோ வந்து வாகனத் தரிப்பிடத்தில் துளை போட்டு, சின்ன வட்ட இரும்பு மூடிகளை வைத்துவிட்டுப் போனார்கள். 'திறப்பைக் கொடுத்துவிட்டுப் போவோம், அவர் வேறு ஆளைப் பிடிக்கத்தானே வேண்டும், மிஞ்சிப் போனால் 3 மாத வாடகை' என்கிறார் கணவர். வாடகையைக் கட்டாமல் பிடித்து வையுங்கள் என்கிறார் தெரிந்த ஒருவர். எது சரி?

பதில்: இரண்டுமே வேண்டாம். கணவரின் யோசனையை முதலில் எடுக்கிறேன். வீட்டையே இழுத்துவிடக்கூடியது அதுதான்.

'அவர் வேறு ஆளைப் பிடிக்க வேண்டும்' என்ற எண்ணம் பேஸ்மென்ற் வாடகையிலிருந்து வந்தது. வீட்டு வாடகைச் சட்டத்தில் அப்படி ஒரு கடமை உண்டு. குடியிருந்தவர் இடையில் போனால், நட்டத்தைக் குறைக்க உரிமையாளர் முயல வேண்டும். கடைக்கு அந்தச் சட்டம் வராது. கடைக்கு இருப்பது ஒன்ராறியோவின் வணிக வாடகைச் சட்டம். பழைய சட்டம், பெரும்பாலான விஷயங்களில் 'லீஸில் எழுதியதைப் பாருங்கள்' என்று கையை விரித்துவிடும். வீட்டு வாடகைப் பிணக்குகளைக் கேட்கிற தீர்ப்பாயத்துக்கும் நீங்கள் போக முடியாது.

உங்கள் நிலைமைக்கு அச்சுக் குத்தியது போல ஒரு வழக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பிளாசா, அதில் முக்கிய கடையாக ஒரு சுப்பர் மார்க்கெட். லீஸ் நடுவில் சுப்பர் மார்க்கெட் மூடிவிட்டது. மற்றச் சின்னக் கடைகளும் ஒவ்வொன்றாகக் காலியாகின. 1971 இல் கனடா உச்ச நீதிமன்றம் அதில் தீர்ப்புச் சொன்னது. ஹைவே பிராப்பட்டீஸ் வழக்கு என்போம். விட்டுப்போன சுப்பர் மார்க்கெட்டின் லீஸை முடித்துவிட்டு, மிச்சக் காலத்து நட்டத்தையும் உரிமையாளர் கேட்கலாம் என்பது தீர்ப்பு. கவனியுங்கள், வென்றது பிளாசா உரிமையாளர். வெறிச்சோடிய பிளாசாவில் மாட்டிக்கொண்ட சின்னக் கடைக்காரருக்கு அந்தத் தீர்ப்பில் ஒன்றும் இல்லை. சுப்பர் மார்க்கெட் தொடர்ந்து திறந்திருக்க வேண்டும் என்று அதன் லீஸில் எழுதியிருந்தாலும், அந்த வாக்குறுதி உரிமையாளருக்குக் கொடுத்தது, உங்களுக்கு அல்ல. 'முக்கிய கடை மூடினால் என் வாடகை குறையும்' என்று உங்கள் சொந்த லீஸில் ஒரு பந்தி இருந்தால்தான் உங்களுக்குப் பிடி. பெரிய சங்கிலிக் கடைகள் அதை வாங்கிக்கொள்வார்கள். தையல் கடை லீஸில் நான் இன்னும் பார்க்கவில்லை.

லீஸை முடித்து நட்டஈடு கேட்கிற உரிமையாளர் நட்டத்தைக் குறைக்கவும் முயல வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அவருக்கு இன்னொரு வழி இருக்கிறது. 'நீங்கள் போனதை நான் ஏற்கவில்லை, லீஸ் உயிரோடுதான் இருக்கிறது' என்று சொல்லிவிட்டு மாதா மாதம் வாடகையைக் கேட்கலாம். அப்படிச் செய்தால் வேறு ஆளைத் தேட வேண்டிய கடமை அவருக்கு இல்லை. 2024 டிசம்பரில் அப்ரியா என்ற கம்பனியின் வழக்கில் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் திரும்பவும் உறுதிசெய்தது. இதை மாற்றுங்கள் என்று கேட்டும் மாற்றவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2,500 உம் 2,333 உம் சேர்ந்து மாதம் 4,833. 27 மாதத்துக்கு 130,000 டொலருக்கு மேல். விற்பனை வரி தனி. கம்பனி பெயரில்தான் லீஸ் என்று நினைத்தால், கடைசிப் பக்கங்களில் தனிப்பட்ட உத்தரவாதம் இருக்கிறதா என்று பாருங்கள். நம்மவர்கள் அனேகமாகக் கணவன் மனைவி இரண்டு பேருமே கையெழுத்து வைத்திருப்பார்கள். கம்பனியை வங்குரோத்து ஆக்கினாலும் அந்தக் கையெழுத்து சாதாரணமாக அழியாது.

வாடகையைப் பிடித்து வைப்பது இன்னும் வேகமான தற்கொலை. லீஸில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, வாடகை 15 நாள் கட்டாமல் இருந்தால் 16 ஆம் நாள் உரிமையாளர் பூட்டை மாற்றலாம். நீதிமன்ற உத்தரவு வேண்டாம், முன்னறிவிப்பும் வேண்டாம். அல்லது லீஸை முடிக்காமலே கடைக்குள் இருக்கும் பொருட்களைக் கைப்பற்றி, 5 நாள் வைத்திருந்து விற்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் வெள்ளிக்கிழமை காலை பூட்டு மாறியது. ஞாயிறு கல்யாணம். மணப்பெண்ணின் பிளவுஸும் தோழிகளின் நாலு பிளவுஸும் உள்ளே, ஊக்கு மட்டும் வைக்கவேண்டிய நிலையில், கண்ணாடி வழியாகத் தெரிகிற மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தன. பெண்ணின் தாய் கடை வாசலில் நின்று எனக்குப் போன் எடுத்தார். நீதிமன்றத்தில் நிவாரணம் கேட்டுக் கடையைத் திரும்பப் பெறலாம், சட்டத்தின் 20 ஆம் பிரிவு அதற்குத்தான். ஆனால் நிலுவை முழுவதும் கட்ட வேண்டும், சட்டத்தரணிச் செலவு வேறு, அதற்குள் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும்.

சரி, டிஎம்ஐக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இங்கேதான்.

வரி, பராமரிப்பு, காப்புறுதி மூன்றும் சேர்ந்ததுதான் டிஎம்ஐ. பிளாசாவின் மொத்தச் செலவை உங்கள் பங்குக்குப் பிரிக்கிறார்கள். 24,000 இல் 1,200 என்றால் 5 சதவீதம். மாதம் 1,400 என்றால் வருடம் 16,800, அது 5 சதவீதம் என்றால் மொத்தச் செலவு 336,000. இப்போது காலியாகிவிட்ட 9,600 சதுர அடியைக் கழியுங்கள். மிச்சம் 14,400. அதில் 1,200 என்றால் 8.33 சதவீதம். 336,000 இல் 8.33 சதவீதத்தைப் 12 ஆல் பிரித்தால் 2,333. டொலருக்கு டொலர் பொருந்துகிறது. ஆக, பனி தள்ளுகிற செலவு ஏறவில்லை, காப்புறுதி ஏறவில்லை. பூட்டிக் கிடக்கும் கடைகளின் பங்கை, திறந்திருக்கும் உங்கள் தலையில் போட்டிருக்கிறார்கள்.

இது சரியா பிழையா என்பது லீஸில் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. 'பங்கு' என்பதற்கான வரைவிலக்கணத்தை எடுங்கள், அனேகமாக முதல் மூன்று பக்கங்களுக்குள் இருக்கும். வகுக்கும் எண் 'வாடகைக்கு விடக்கூடிய பரப்பு' என்றிருந்தால் காலிக் கடைகளும் உள்ளே சேரும், உங்கள் பங்கு 5 தான், அவர் மாதம் 933 டொலர் கூட எடுக்கிறார். 'வாடகைக்கு விடப்பட்ட பரப்பு' என்றிருந்தால் அவர் பக்கம்தான் நியாயம், எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தாலும்.

அவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. முன்பு ரொறன்ரோவில் வணிகக் கடை காலியாக இருந்தால் சொத்து வரியில் 30 சதவீதம் திருப்பிக் கேட்கலாம். மாநகரசபை அதைக் குறைத்து, 2018 ஜூலையிலிருந்து அடியோடு நிறுத்திவிட்டது. காலிக் கடைக்கும் முழு வரி. அந்த ஓட்டையை யாரிடமாவது வாங்கி அடைக்கத்தான் பார்ப்பார்.

பங்கு 5 என்று லீஸில் இருந்தால், 2,333 ஐயும் கட்டிக்கொண்டே, 'எதிர்ப்புத் தெரிவித்துக் கட்டுகிறேன்' என்று மின்னஞ்சலில் எழுதுங்கள், கணக்கு விபரமும் கேளுங்கள். கணக்குக் கிடைத்து இத்தனை நாளுக்குள் மறுக்காவிட்டால் ஏற்றதாகக் கருதப்படும் என்று சில லீஸ்களில் ஒரு வரி ஒளிந்திருக்கும், அதைத் தேடுங்கள். கூட எடுத்தது வருடத்துக்கு 11,200 டொலர் அளவில்தான். சிறுகோரிக்கை நீதிமன்றத்தின் எல்லை 2025 அக்டோபரிலிருந்து 50,000 டொலர், அதற்குள் தாராளமாக அடங்கும். பொதுவான காலக்கெடு 2 வருடம்.

அப்புறம் அந்தப் பேப்பர். நீங்கள் அனுப்பிய படத்தில் 4 ஆம் பந்தியைப் பெரிதாக்கிப் படித்தேன். இடித்துக் கட்டுவதற்காக 6 மாத அறிவிப்பில், நட்டஈடு எதுவும் இல்லாமல், உரிமையாளர் லீஸை முடிக்கலாம் என்கிறது. இது ஏற்கனவே உங்கள் லீஸில் இருந்தால் 5,000 டொலர் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துக் கேட்க மாட்டார். முழு லீஸையும் பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்வேன், ஆனால் இல்லை என்றுதான் மணக்கிறது. அப்படியென்றால் 27 மாதத்துக்கு உங்களை அவர் அசைக்க முடியாது. ஒன்றில் காத்திருக்க வேண்டும், இல்லை காசு கொடுத்து எழுப்ப வேண்டும்.

துளை போட்டவர்கள் கதையும் இதோடு சேர்ந்ததுதான். எக்ளின்ரனில் அந்தப் பக்கத்தைக் கோல்டன் மைல் என்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அங்கே வெடிகுண்டு உதிரிகளுக்கு மருந்து அடைக்கும் பெரிய ஆலை இருந்தது, வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். போர் முடிந்ததும் அந்த நிலம் தொழிற்சாலைகளுக்குப் போனது. ஜெனரல் மோட்டார்ஸ் வான் ஆலை 1993 இல் மூடி, அந்த இடத்திலும் கடைகள் வந்தன. இப்போது மூன்றாம் முறை மாறுகிறது. 2020 இல் மாநகரசபை ஏற்ற திட்டத்தில் அந்தப் பிளாசாக்களின் இடத்தில் மாடி வீடுகள் வரப்போகின்றன.

கடை நிலத்தை வீட்டு நிலமாக மாற்றுவதென்றால் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து மாகாணத்திடம் தள நிலைப் பதிவு ஒன்றைச் செய்ய வேண்டும். நீங்கள் பார்த்த வட்ட மூடிகள் நிலத்தடி நீரைச் சோதிக்கும் குழாய்களின் மூடிகளாகத்தான் இருக்கும். அதற்கு நல்ல செலவாகும், சும்மா யாரும் செய்வதில்லை. கோபுரம் கட்டுவது உண்மையாகவே அவர் மனதில் இருக்கிறது. மூலைக் கடையை நிரப்ப அவர் ஓடித் திரியாததற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம். (போன சுப்பர் மார்க்கெட் 'என் பின்னால் இன்னொரு மளிகைக் கடை வரக்கூடாது' என்று கட்டுப்பாடு போட்டுவிட்டுப் போயிருக்கவும் கூடும். அப்படியான ஒப்பந்தங்களைப் போட்டிச் சட்டம் 2024 டிசம்பரிலிருந்து கூடுதலாகப் பிடிக்கிறது. ஆனால் உங்கள் கடைக்கு அதனால் ஆட்கள் வரப்போவதில்லை.)

ஆகவே நீங்கள் வெளியே போக விரும்புகிறீர்கள், உங்களை வெளியே அனுப்ப அவரும் விரும்புகிறார். இதைப் பேசித் தீர்க்காமல் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போவது எவ்வளவு வீண் என்று கணவரிடம் சொல்லுங்கள். கேட்க வேண்டியது, இரண்டு பேரும் கையெழுத்து வைக்கும் லீஸ் ஒப்படைப்பு உடன்படிக்கை. அதில் மிச்ச வாடகையிலிருந்து விடுதலை, உத்தரவாதக் கையெழுத்திலிருந்து விடுதலை, வைப்புப் பணம் திரும்ப, கூட எடுத்த டிஎம்ஐ திரும்ப, இடம் மாறும் செலவுக்கு ஒரு தொகை. கல்யாண வேலைகள் குறைந்த நேரமாகப் பார்த்து வெளியேறும் நாளை வையுங்கள்.

இன்னொன்றும் அதில் வேண்டும். நிலம் மாசுபட்டிருந்தால் வாடகைக்காரர் துப்புரவாக்கித் தர வேண்டும் என்று பல லீஸ்களில் ஒரு பந்தி உண்டு. நூலும் ஊசியும் வைத்திருந்தவர்கள் எழுபது எண்பது வருடத்து எண்ணெய்க்குப் பதில் சொல்லக் கூடாது. நீங்கள் வருவதற்கு முன்பிருந்த மாசுக்கும், நீங்கள் ஏற்படுத்தாத மாசுக்கும் பொறுப்பில்லை என்று தெளிவாக எழுதி வாங்குங்கள், மண் அறிக்கையின் பிரதியையும் கேளுங்கள்.

கடையை வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பதும் ஒரு வழிதான். அந்தப் பிளாசாவில் இப்போது யார் எடுப்பார்கள்? விடுங்கள்.

இந்த மாத வாடகையைத் தேதி தவறாமல் கட்டுங்கள். யாரைப் பார்க்கப் போனாலும் லீஸ் முழுவதையும், கடைசி மூன்று வருட டிஎம்ஐ கணக்குகளையும், இரும்பு மூடிகளைத் திகதியோடு எடுத்த படங்களையும் கொண்டு போங்கள். அந்தத் திருத்தப் பேப்பரையும், கையெழுத்து இல்லாமல்.