வாசகர் கேள்விகள்: ஸாம் ஸ்பேட் ஏன் அவளை விடவில்லை?

சென்ற இதழில் டாஷியல் ஹாமெட்டின் 'தி மால்டீஸ் ஃபால்கன்' பற்றி நாலு வரி எழுதப் போக, இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்க அந்தக் கால அமெரிக்கத் துப்பறியும் நாவல்களே. முடிவைச் சொல்லாமல் சில கேள்விகளுக்குப் பதில் எழுத வழியில்லை, ஆகவே மால்டீஸ் ஃபால்கனை இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வருவது நல்லது.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: நாவலின் துப்பறிவாளன் ஸ்பேடுக்குத் தன் பார்ட்னர் ஆர்ச்சரைப் பிடிக்காது. ஆர்ச்சரின் மனைவியோடே அவனுக்குத் தொடர்பு. ஆள் செத்த கையோடு அவன் பெயரை ஆபீஸ் கதவிலிருந்து எடுக்கச் சொல்கிறான். அப்படிப்பட்டவன் கடைசியில் 'பார்ட்னரைக் கொன்றவளை விடமாட்டேன்' என்று, தான் விரும்பும் பெண்ணையே போலீசில் ஒப்படைக்கிறான். நம்ப முடியவில்லையே?

பலருக்கும் இடறுகிற இடம் இது. எனக்கு நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

ஆர்ச்சரைப் பற்றி ஸ்பேட் சொல்வதைப் பாருங்கள். பத்தாயிரம் டாலர் இன்ஷூரன்ஸ் உண்டு, பிள்ளை குட்டி இல்லை, பெண்டாட்டிக்கு அவனைப் பிடிக்காது. அவ்வளவுதான், ஒரு மனுஷனின் கணக்கு முடிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் புஷ் தெருப் பக்கம் ஆர்ச்சர் சுடப்பட்டுக் கிடக்கிறபோது, கிட்டே போய் முகத்தைப் பார்க்கக்கூட ஸ்பேட் நிற்பதில்லை. நீங்கள்தான் எல்லாம் பார்த்துவிட்டீர்களே என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறான். துளி பாசம் கிடையாது. ஹாமெட் வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறார். ஆர்ச்சர் உயிர்த்தோழனாக இருந்து, அவனுக்காக ஸ்பேட் பழிவாங்கினால் அதில் என்ன இருக்கிறது, யாரும் செய்வார்கள். பாசமே இல்லாத இடத்தில் விசுவாசம் நிற்குமா என்பதுதான் அவர் கேட்கிற கேள்வி.

அந்தக் கடைசி அத்தியாயத்தை மறுபடி ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். போலீஸ் வந்துகொண்டிருக்கிறது. ஆர்ச்சரைக் கொன்றவளும் ஸ்பேட் விரும்புகிறவளுமான பிரிஜிட் அழுகிறாள். ஸ்பேட் ஒவ்வொன்றாகக் காரணம் அடுக்குகிறான். பார்ட்னரைக் கொன்றால் ஏதாவது செய்தாக வேண்டும், அவனைப் பற்றி நீ என்ன நினைத்தாய் என்பது கணக்கில் வராது. தொழிலில் இருப்பவன் கொன்றவரை விட்டால் தொழில் கெடும். துப்பறிகிறவன் பிடித்துவிட்டு விடுவது அவன் பிறவிக்கே ஒட்டாது. உன்னை விட்டால் என் கழுத்துக்குக் கயிறு. உன்னை நம்பவும் முடியாது. இப்படியே ஏழு வருகின்றன. எதிர்ப் பக்கத்தில் ஒன்றே ஒன்று: ஒருவேளை நீ என்னைக் காதலிக்கலாம், ஒருவேளை நானும் உன்னைக் காதலிக்கலாம். இவற்றில் எது உண்மையான காரணம் என்று கேட்டால் எல்லாமே என்பேன். தூய்மையான ஒரே காரணத்துக்காக எவனும் இப்படி ஒரு முடிவு எடுக்க மாட்டான் என்பது ஹாமெட்டுக்குத் தெரியும், அதனால்தான் ஸ்பேடின் விசுவாசத்தில் பயமும் கௌரவமும் தொழில்புத்தியும் கலந்தே கிடக்கின்றன.

அதோடு நிற்கவில்லை. எல்லோரும் தேடி அலைந்த அந்தத் தங்கப் பறவைச் சிலை நிஜமாக இருந்து உனக்குப் பணமும் கிடைத்திருந்தால் இதைச் செய்திருப்பாயா என்று பிரிஜிட் கேட்கிறாள். 'அப்போதும் செய்திருப்பேன்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற கதாநாயகர்களைத்தான் நமக்குத் தெரியும். ஸ்பேட் அப்படிச் சொல்வதில்லை. நிறையப் பணம் இருந்திருந்தால் தராசின் அந்தத் தட்டில் இன்னும் ஒரு பொருள் கூடியிருக்கும் என்கிறான். தன்னை இவ்வளவு நேர்மையாக எடைபோட்டுக்கொள்கிற இன்னொரு துப்பறிவாளனை நான் படித்ததில்லை.

கோவையிலிருந்து ஒரு வாசகர்: ஒரு கறுப்புப் பறவைச் சிலைக்காக இத்தனை கொலையா? பேராசை என்பதைக் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டாரோ?

சிலையின் பின்கதையில் ஒரு துண்டு நிஜம். 1530-ல் ஐந்தாம் சார்லஸ் பேரரசர் மால்டா தீவைப் புனித யோவான் வீரர்கள் என்ற கிறிஸ்தவப் போர்வீரர் சபைக்குக் கொடுத்தபோது, வருடத்துக்கு ஒரு வல்லூறு கொடுத்தால் போதும் என்பதுதான் வாடகை. அது உயிருள்ள பறவை. ரத்தினம் பதித்த தங்கச் சிலை ஹாமெட்டின் கற்பனை.

மிகைப்படுத்தல் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் கட்மன் என்கிற அந்தக் குண்டு மனிதரின் ஆசை ரொம்பச் சாந்தமாக, மரியாதையாகப் பேசுகிறது. பதினேழு வருடமாக அந்தச் சிலையைத் தேடுகிறார். கடைசியில் கையில் கிடைத்ததும் பேனாக்கத்தியால் கறுப்புப் பூச்சைச் சுரண்டுகிறார், உள்ளே தங்கத்துக்குப் பதில் ஈயம். முகம் கொஞ்ச நேரம் கலங்குகிறது, அவ்வளவுதான். உடனே கணக்கு: பதினேழு வருடத்தோடு இன்னும் ஒரு வருடம் சேர்ந்தால் கூடுதல் செலவு ஆறு சதவீதம்கூட இல்லை. பின்னத்தோடு சொல்கிறார் மனிதர்! பேராசைக்காரன் பல்லைக் கடித்துக் கத்துவான் என்று எழுதுவது சுலபம், இப்படிச் சதவீதம் போடுவான் என்று எழுத ஒரு கலைஞன் வேண்டும்.

வில்மர் விஷயம் இதைவிடக் கொடுமை. துப்பாக்கியோடு கட்மனின் கூடவே அலைகிற அந்தப் பையனைப் போலீசுக்குப் பலி கொடுத்தால் மற்றவர்கள் தப்பலாம் என்று பேச்சு வருகிறது. என் சொந்த மகன் மாதிரி என்று சொல்லிக்கொண்டே கட்மன் ஒத்துக்கொள்கிறார். மகன் போனால் இன்னொரு மகன் கிடைப்பான், மால்டீஸ் ஃபால்கன் ஒன்றுதான் இருக்கிறது என்று வில்மரிடமே சொல்கிறார். கதை முடிவதற்குள் அந்தப் பையன் கையாலேயே சாகிறார். விசுவாசத்துக்கு விலை வைத்தவருக்கு அந்த விசுவாசம் துப்பாக்கியோடு திரும்பி வருகிறது, அதை ஹாமெட் ஒரு பெரிய காட்சியாகக்கூட எழுதவில்லை, போலீஸ்காரர் வந்து சொல்லும் தகவலாக முடித்துவிடுகிறார்.

இன்னொன்றும் கவனியுங்கள், இந்த நாவல்களில் பணம் எப்போதும் எண்ணிக்கையோடுதான் வரும். பிரிஜிட் முதல் நாள் கொடுப்பது இரண்டு நூறு டாலர் நோட்டு. உன் கதையை நாங்கள் நம்பவில்லை, உன் இருநூறு டாலரை நம்பினோம் என்று பிறகு ஸ்பேட் சொல்வான். கட்மன் கொடுப்பது ஆயிரம் டாலர் நோட்டுகள் பத்து, அதில் ஒன்று மாயமாக, அதற்காகவே ஒரு முழுக் காட்சி. கடைசியில் ஸ்பேட் கையில் மிஞ்சுகிற ஒரே ஒரு ஆயிரத்தையும் எனக்குக் கொடுத்த லஞ்சம் என்று போலீசிடம் கொடுத்துவிடுகிறான். நோட்டு எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்பதை மட்டும் பின்தொடர்ந்து படித்தாலே யார் எப்படிப்பட்டவர் என்பது பிடிபட்டுவிடும்.

'பிளாக் மாஸ்க்' பத்திரிகையில் இது தொடராக வந்தது 1929 செப்டம்பரிலிருந்து 1930 ஜனவரி வரை. நடுவில் அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் பங்குச்சந்தை சரிந்தது. ஹாமெட் அதற்கு முன்பே எழுதி முடித்துவிட்டார். ஆனால் கையிலிருந்த தங்கம் ஈயமாகிப்போன கதையை அந்த மாதங்களில் அமெரிக்க வாசகர்கள் எப்படிப் படித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: மழை, மூடுபனி, சிகரெட் புகை. சூழல், சூழல் என்று எல்லோரும் சிலாகிக்கிறார்கள். கதை நகராமல் பக்கம் நிரப்புகிற வேலை மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

போலி எழுத்தாளர்களிடம் அப்படித்தான் இருக்கும், அதில் உங்களோடு உடன்படுகிறேன். நல்லவர்களிடம் நிலைமை வேறு.

ஆர்ச்சர் செத்த செய்தி வருகிற இடத்தைப் பாருங்கள். இருட்டில் டெலிபோன் அடிக்கிறது. கட்டில் கிரீச்சிடுகிறது, விரல்கள் மரத்தில் தடவுகின்றன, ஏதோ சின்னப் பொருள் கம்பளத்தில் விழுகிறது. குரல் மட்டும் கேட்கிறது: செத்துட்டானா, சரி, பதினைந்து நிமிஷத்தில் வருகிறேன். விளக்கு எரிகிறது. திறந்திருக்கும் இரண்டு ஜன்னல் வழியாக ஈரக்குளிர் காற்று, அதோடு நிமிஷத்துக்கு அஞ்சாறு தடவை ஆல்கட்ராஸ் தீவின் மூடுபனிச் சங்கு. குற்ற வழக்குகள் பற்றிய ஒரு புத்தகத்தின் ஓரத்தில் ஆடிக்கொண்டு நிற்கிற அலாரம் கடிகாரத்தில் மணி இரண்டு ஐந்து. ஸ்பேட் கட்டிலில் உட்கார்ந்து தாளில் புகையிலையைக் கொட்டி, சமமாகப் பரப்பி, சுருட்டி, நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டுகிறான். அந்தச் சிகரெட்டுக்கு ஒரு பெரிய பத்தி செலவாகிறது.

அவன் வருத்தப்பட்டானா? அதிர்ச்சியா? ஆர்ச்சரின் மனைவி நினைவுக்கு வந்தாளா? ஒரு வார்த்தை கிடையாது. நாவல் முழுக்க யார் மனதுக்குள்ளும் ஹாமெட் நுழைவதில்லை, வெளியே தெரிவது மட்டும்தான் நமக்கு. ஆக அந்தப் பனியும் சங்கும் அலங்காரத்துக்கு வந்தவை இல்லை. யார் யாருக்கு விசுவாசம், யார் யாரை விற்கப் போகிறார் என்று தெரியாமல் நாம் தடவிக்கொண்டிருக்கிற அதே நிலைமையை அறைக்குள்ளும் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். கை நடுங்கியதா என்று தெரிந்துகொள்ள நமக்கு இருப்பது அந்தச் சிகரெட் ஒன்றுதான், அது கோணாமல் வருகிறது.

ரேமண்ட் சாண்ட்லர் ரகம் வேறு. 'தி பிக் ஸ்லீப்' (1939) தொடக்கத்தில் ஜெனரல் ஸ்டெர்ன்வுட் என்கிற கிழவரை சாண்ட்லரின் துப்பறிவாளன் மார்லோ சந்திப்பது ஆர்க்கிட் செடிகள் வளர்க்கிற கண்ணாடிக் கூடத்தில். வெக்கை, ஈரம், அழுகிய இனிப்பு வாசனை. சக்கர நாற்காலியில் போர்வைக்குள் கிழவர். தான் குடிக்க முடியாத பிராந்தியை மார்லோ குடிப்பதைப் பார்த்துத் திருப்திப்படுகிறார். அந்தக் குடும்பத்தின் பணம், நோய், ஊழல் எல்லாம் அந்த ஓர் அறையிலேயே வியர்த்துக்கொண்டிருக்கிறது, கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை! அதைப் படமாக எடுத்தபோது, கதையில் செத்துப்போகிற அந்தக் குடும்பத்து டிரைவரை யார்தான் கொன்றது என்று தந்தி அடித்துக் கேட்டார்களாம், தனக்கே தெரியவில்லை என்று சாண்ட்லரே பின்னால் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஓட்டையோடுதான் அந்த நாவல் இன்றுவரை வாசிக்கப்படுகிறது.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: நாளுக்கு 25 டாலருக்கு அடி வாங்குகிற மார்லோ நிஜத்தில் இருப்பானா?

இருக்க மாட்டான். சாண்ட்லருக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த 25 டாலர் முக்கியம். நாவலின் கடைசியில் 15,000 டாலர் தருவதாகப் பேச்சு வருகிறபோது, அதில் ஒரு வீடு, புதுக் கார், நாலு சூட் வாங்கலாம் என்று மார்லோ கசப்போடு கணக்குப் பார்க்கிறான், பிறகு வேண்டாம் என்கிறான். சாகக் கிடக்கிற ஒரு கிழவரின் ரத்தத்தில் மிச்சமிருக்கிற பெருமையைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் என்கிறான். கிழவருக்கு இவன் ஒரு கூலியாள். அப்படியும் அவருக்காக நிற்கிறான்.

புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகி: இந்த நாவல்களில் பெண் என்றாலே துரோகிதானா?

பெரும்பாலும் ஆமாம், அதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. பெண்களைப் பற்றி மட்டுமில்லை, ஓரினச் சேர்க்கையாளர்களையும் கறுப்பினத்தவரையும் இந்த நாவல்கள் நடத்துகிற விதம் இன்று படிக்கும்போது முகம் சுளிக்க வைக்கிறது. காலம் அப்படி என்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

அப்படியும் இரண்டு பெண்களை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 'ரெட் ஹார்வெஸ்ட்' (1929) நாவலில் வரும் டைனா பிராண்ட், கிழிந்த ஸ்டாக்கிங்ஸோடு, தனக்குத் தெரிந்த ஒவ்வொரு ரகசியத்தையும் விலை பேசியே விற்பாள். ஒளிவு மறைவே இல்லாத காசாசை. பொய்யர்களே நிறைந்த அந்தச் சுரங்க நகரத்தில் அவளோடு பேசும்போதுதான் நமக்கு மூச்சு வருகிறது. இன்னொருத்தி, ஸ்பேடின் செக்ரட்டரி எஃபி. நாவல் முழுக்க அவன் சொன்னதையெல்லாம் செய்தவள், பிரிஜிட் நல்லவள் என்று கடைசிவரை நம்பியவள். நடந்தது தெரிந்ததும், ஸ்பேட் செய்தது சரிதான் என்று ஒத்துக்கொண்டே, இப்போது என்னைத் தொடாதே என்கிறாள். ஸ்பேடின் ஏழு காரணங்களும் அவள் முன்னால் எடுபடவில்லை.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: ஹாமெட் நிஜமாகவே துப்பறிவாளரா?

ஆமாம், பிங்கர்டன் என்கிற தனியார் துப்பறியும் ஏஜென்சியில் வேலை பார்த்தவர், காசநோய் வந்து உடம்பு கெட்டுத்தான் எழுத்துக்கு வந்தார். ஆனால் அவர் வாழ்க்கையில் எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் 1951-ல் நடந்தது. கம்யூனிஸ்ட் தலைவர்களுக்கு ஜாமீன் கட்டிய ஒரு நிதிக்கு அவர் பொறுப்பாளர். ஜாமீனில் வந்தவர்களில் நாலு பேர் தலைமறைவானதும், பணம் கொடுத்தவர்கள் பெயரைச் சொல் என்று நீதிமன்றம் கேட்டது. சொல்ல மறுத்தார். ஆறு மாதத் தண்டனை. ஏற்கெனவே நோயாளி, வயது ஐம்பத்தேழு, சிறைக்குப் போனார்.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: நட்புக்கு விசுவாசம் என்று பார்த்தால் எந்த நாவல்?

இரண்டு. ஹாமெட்டின் 'தி கிளாஸ் கீ' (1931). நண்பனைக் காட்டிக்கொடுக்கச் சொல்லி நெட் போமோன்ட்டை அடைத்து வைத்து அடிக்கிற பக்கங்கள் படிக்கவே வலிக்கும். அப்புறம் சாண்ட்லரின் 'தி லாங் குட்பை' (1953). டெர்ரி லெனாக்ஸ் என்கிற குடிகார நண்பனைப் பற்றி வாய் திறக்காததற்காக மார்லோ மூன்று நாள் லாக்கப்பில் கிடக்கிறான். பிறகு தபாலில் அவன் அனுப்பிய 5,000 டாலர் நோட்டு ஒன்று வருகிறது. மார்லோ அதைச் செலவழிப்பதே இல்லை. அந்த நோட்டு கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை நான் சொல்ல மாட்டேன், அதற்காகவே படிக்க வேண்டிய நாவல் அது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி: எதிலிருந்து தொடங்கலாம்?

'தி பிக் ஸ்லீப்'. பிறகு 'தி கிளாஸ் கீ'. பக்கத்துக்குப் பக்கம் பிணம் விழுந்தாலும் பரவாயில்லை என்றால் 'ரெட் ஹார்வெஸ்ட்'. 'தி லாங் குட்பை'யைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், மார்லோவை நன்றாகப் பழகிய பிறகு படித்தால்தான் அது முழுசாக உறைக்கும்.