யாழினியை 'லினி' ஆக்க வேண்டாம்

கேள்வி: என் மகள் பெயர் யாழினி. எட்டு வயது. பள்ளிப் பதிவில் ஆங்கிலத்தில் 'ஒய், ஏ, ஆர், எல், ஐ, என், ஐ' என்று எழுதியிருக்கிறோம். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அடியின் கடைசியில் வைத்து ஈரடிப் பாட்டு எழுதி, மேடையில் சொல்லப் போகிறார்கள். யாழினிக்கு எதுகையாக எந்த ஆங்கிலச் சொல்லும் அமையவில்லை என்று சொல்லி, ஆசிரியை 'லினி' என்று சுருக்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறார். நானும் இணையத்தில் தேடினேன். 'பிகினி', 'மார்ட்டினி' என்றுதான் வருகிறது. பெயர் வைக்கும்போதே யோசித்திருக்க வேண்டுமோ என்று மனசு கஷ்டப்படுகிறது. அடுத்த வருஷம் தம்பி கவினும் அதே வகுப்புக்குப் போகிறான். என்ன செய்வது?
— ஒரு தாய், ஸ்கார்பரோ, கனடா

பதில்: சுருக்க வேண்டாம். ஆங்கிலத்தில் யாழினிக்குப் பொருந்தும் சொற்கள் நிறைய இருக்கின்றன. 'ட்ரீ', 'பீ', 'சீ', 'ஃப்ரீ', 'மீ', 'த்ரீ' எல்லாமே பொருந்தும். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியாத சொல் இதில் ஒன்றுகூட இல்லை.

இதெல்லாம் சரியான இயைபா, அதாவது அடிகளின் கடைசி ஓசை ஒத்துப்போகிறதா என்று ஆசிரியை கேட்டால், ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தைக் காட்டுங்கள். 1807-இல் அச்சில் வந்த அவருடைய டாஃபடில் பூக்கள் கவிதையை அந்த ஆசிரியை கட்டாயம் படித்திருப்பார். நம் ஊர்ப் பள்ளிகளிலும் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த கவிதைதான் அது. அதில் ஓர் அடி 'க்ளீ' என்று முடிகிறது. அதற்கு ஜோடியாக வரும் அடி 'கம்பெனி' என்று முடிகிறது. 'கம்பெனி'யைச் சொல்லிப் பாருங்கள். மூன்று அசை. அழுத்தம் முதல் அசையில். கடைசியில் 'னி'. யாழினியும் அச்சு அசலாக அதே அமைப்புத்தான். முதலில் அழுத்தம் விழும் மூன்று அசைச் சொல்லின் கடைசி அசையைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, அதோடு ஓரசைச் சொல்லைச் சேர்ப்பது ஆங்கிலக் கவிஞர்களுக்குப் பழகிப்போன வழி. 'மெமரி'யோடு 'மீ'யும், 'மெலடி'யோடு 'சீ'யும் சேர்வது இப்படித்தான். 'கம்பெனி'க்குக் கிடைக்கும் சலுகை உங்கள் மகளுக்கும் உண்டு.

பிறகு ஏன் இரண்டு பேருக்குமே அகப்படவில்லை? நீங்கள் இருவரும் எழுத்தைப் பார்த்துத் தேடினீர்கள். ஆங்கிலத்தில் எழுத்தை நம்பித் தேடினால் பாதி வழியில் கைவிட்டுவிடும். 'காஃப்', 'தோ', 'த்ரூ' மூன்றும் அதே நான்கு எழுத்துகளில்தான் முடிகின்றன. ஓசையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. 'தாமஸ்' என்ற பெயரோடு கச்சிதமாகச் சேரும் சொல் 'ப்ராமிஸ்'. எழுத்தில் பார்த்தால் இரண்டும் அந்நியம், காதில் கேட்டால் உடன்பிறப்பு.

நீங்கள் பார்த்த இணையக் கருவிகளின் கதையும் இதுதான். இப்படிப்பட்ட பல கருவிகள் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் தொகுத்த உச்சரிப்பு அகராதி போன்ற பட்டியல்களைப் பின்னால் வைத்துக்கொண்டு வேலை செய்கின்றன. அந்த அகராதியில் 1,34,000-க்கும் மேற்பட்ட சொற்கள் வட அமெரிக்க உச்சரிப்போடு இருக்கின்றன. பெரிய உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் பட்டியலில் இல்லாத பெயரைப் போட்டால் கருவி ஒன்று கையை விரிக்கும், அல்லது எழுத்துகளைப் பார்த்து ஊகிக்கும். உங்களுக்கு நடந்தது இரண்டாவது. 'யார்லீனி' என்று நடு அசையை நீட்டி அழுத்திப் படித்துவிட்டு 'பிகினி'யையும் 'மார்ட்டினி'யையும் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. ஆசிரியை 'லினி' என்று நறுக்கப் பார்ப்பதும் அநேகமாக இதே உச்சரிப்பால்தான். அவர் காதில் பெயரின் கனமான பகுதி 'லீனி'யாகத்தான் விழுகிறது.

அந்த உச்சரிப்பை ஏற்றுக்கொண்டால் பள்ளி மேடைக்கு ஏற்ற சொற்களும் உண்டு. விளக்கிலிருந்து வரும் 'ஜீனி' இருக்கிறது, மாயவித்தைக்காரர் 'ஹூடினி' இருக்கிறார், காய்கறிக் கடையில் 'ஜுக்கீனி' இருக்கிறது. ஆனால் இவை யாரோ ஒரு யார்லீனிக்குப் பொருந்தும் சொற்கள். உங்கள் வீட்டில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. கருவியை ஏமாற்றாமல் பயன்படுத்த ஒரு வழி சொல்கிறேன். பெயரைத் தட்டச்சு செய்யாதீர்கள். அந்தப் பெயர் போலவே ஒலித்து முடியும் சாதாரண ஆங்கிலச் சொல் ஒன்றைப் போடுங்கள். 'ட்ரீ' என்று போட்டாலே பக்கம் பக்கமாக வரும்.

எதுகை என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சு வழக்கில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் உங்கள் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது புரியும். தமிழ்ச் செய்யுளில் எதுகை என்பது இரண்டாம் எழுத்தின் ஒற்றுமை. முதல் குறளில் 'அகர' என்று முதல் அடியும் 'பகவன்' என்று இரண்டாம் அடியும் தொடங்குகின்றனவே, அதுதான். முதலெழுத்தின் அளவு மட்டும் ஒத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். அந்தக் கணக்கில் யாழினிக்குத் தோழி, ஆழி, நாழி, கோழி என்று வரிசையாக வந்து நிற்கும். நம் காது அடியின் தலையில் ஒற்றுமையைத் தேடிப் பழகியது. ஆங்கிலக் காது வாலில் தேடும். கடைசியாக அழுத்தம் விழும் உயிரொலியிலிருந்து சொல்லின் முடிவு வரை அப்படியே ஒத்துப்போக வேண்டும், அந்த உயிரொலிக்கு முன்னால் வரும் மெய் மட்டும் மாற வேண்டும் என்பது அவர்கள் விதி. நம்மிடம் இதற்கு நெருக்கமானது இயைபு. ஆக ஆங்கிலத்தில் ஒரு பெயருக்கு ஜோடி தேடும்போது முதல் கேள்வி 'எப்படி எழுதுகிறோம்' அல்ல, 'எந்த அசையை அழுத்துகிறோம்' என்பதே.

உயிரின் நீளமும் அப்படித்தான் ஆளையே மாற்றிவிடும். நிலா என்ற பெயரைக் குறிலாகச் சரியாகச் சொன்னால் 'வனில்லா', 'கொரில்லா', 'வில்லா' மூன்றும் ஓடி வரும். எந்தக் குழந்தைக்குத்தான் இதில் பாட்டு வராது? அதையே 'நீலா' என்று இழுத்துவிட்டால் 'டெக்கீலா'வில் போய் நிற்கும். தீபன் என்ற பையனுக்கு 'டீப்பன்', 'ஸ்டீப்பன்' என்ற இரண்டு வினைச்சொற்கள் காத்திருக்கின்றன. 'வேல்' என்ற ஓரசைப் பெயர் கொண்டவனுக்கோ திமிங்கிலத்தைச் சொல்லும் 'வேல்' முதல் கப்பல் பாயைச் சொல்லும் 'செயில்' வரை கடல் முழுக்கச் சொந்தம். நம் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் ஓசைத்துணை இல்லை என்பது வெறும் வதந்தி.

பெயர் வைக்கும்போதே யோசித்திருக்க வேண்டுமோ என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் கடிதத்தில் எனக்குப் பொறுக்காத வரி அதுதான். ஒரு மொழியில் ஜோடி கிடைக்கவில்லை என்பது சொல்லின் குற்றமே அல்ல. ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லான 'மன்த்'துக்கு அந்த மொழியிலேயே ஜோடி இல்லை. 'ஆரஞ்ச்'சுக்குத் தேடித் தேடி, வேல்ஸ் நாட்டில் அபெர்கவெனி ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் 'ப்ளாரெஞ்ச்' என்ற மலையைத்தான் காட்டுவார்கள். அதற்காக யாரும் ஆரஞ்சின் பெயரை மாற்றச் சொல்லவில்லை. அந்த வகுப்பில் ஒரு டேவிட் இருந்தால், அவனுக்கும் எளிய ஒற்றைச் சொல் அமையாது. அவனை 'விட்' என்று சுருக்கலாமா என்று அவன் அம்மாவுக்கு யாரும் கேள்வி அனுப்பியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆசிரியைமேல் எனக்குக் கோபம் இல்லை. மாற்றிவிடாமல் உங்களைக் கேட்டிருக்கிறார், அது நல்ல குணம். பாட்டுக்காகப் பெயரை வளைப்பது ஆங்கிலத்தில் புதிதும் அல்ல. ஆங்கிலக் கவிஞர் பைரன் ஸ்பெயின் நாட்டு டான் ஹுவானை நாயகனாக வைத்து எழுதிய நெடுங்கவிதையை 1819-இல் வெளியிடத் தொடங்கினார். முதல் பத்தியிலேயே அந்தப் பெயரை 'ந்யூ ஒன்', 'ட்ரூ ஒன்' என்பவற்றோடு சேர்த்துக் கட்டினார். அதனால் அந்தக் கவிதையை வாய்விட்டுப் படிப்பவர்கள் இன்றும் ஹுவானை 'ஜூவன்' என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் ஹுவான் கற்பனைப் பாத்திரம். அவனுக்கு வலிக்காது. உங்கள் மகள் அந்த மேடையிலிருந்து இறங்கி, அதே வகுப்பில் மீதி வருடம் முழுக்க உட்கார வேண்டும். மேடையில் ஒலிபெருக்கியில் 'லினி' என்று சொல்லிவிட்டால் அடுத்த நாள் முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவள் லினிதான். பெயரில் நீங்கள் அவளைக் கூப்பிடும்போது உரக்க ஒலிக்கும் பகுதி 'யா'. வெட்டிப்போடச் சொல்வதும் அதையேதான்.

பைரனிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று. அதே கவிதையில் 'இன்டெலெக்சுவல்' என்ற சொல்லுக்கு ஒற்றைச் சொல் தேடி அவர் மெனக்கெடவில்லை. 'ஹென்பெக்ட் யூ ஆல்' என்று சின்னச் சின்னச் சொற்களை ஒட்டவைத்து ஜோடியாக்கினார். யாழினிக்கும் அதைச் செய்யலாம். பதிவில் உள்ள எழுத்துப்படி கனடாக்காரர்கள் 'யார்லினி' என்று முதல் அசையை அழுத்திச் சொன்னால், 'நார்லி நீ' (கரடுமுரடான முட்டி) அதோடு நன்றாக ஒட்டும். முட்டியில் கரடுமுரடான தழும்பு உள்ள ஒரு கிழட்டுக் கடற்கொள்ளையனைப் பாட்டில் கொண்டுவந்துவிட்டால் எட்டு வயதுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மேடையில் அது எடுபடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பெயர் அடியின் கடைசியில்தான் வர வேண்டுமா என்று ஆசிரியையிடம் கேட்டுப் பாருங்கள். உலகம் முழுக்கப் பாடும் பிறந்தநாள் பாட்டைக் கவனியுங்கள். முதல், இரண்டாம், நான்காம் அடிகள் 'டு யூ' என்று முடியும். மூன்றாம் அடியில் மட்டும்தான் பெயர் வரும், அந்த அடிக்கு ஜோடி கிடையாது. அதனால்தான் எந்த மொழிப் பெயரும் அதில் உட்காருகிறது. ஈரடியை நாலடியாக்கி மூன்றாம் அடியின் கடைசியில் பெயரை வைத்தால், அந்த வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் சிக்கல் தீர்ந்தது.

ஈரடிதான் வேண்டும் என்றால் இதோ ஒன்று எழுதித் தருகிறேன், வேண்டியதைத் திருத்திக்கொள்ளுங்கள்:

'ரீடிங் அ புக் பினீத் தி ட்ரீ,
ஹூ இஸ் தட் கேர்ல்? இட்ஸ் யாழினி!'

இரண்டாம் அடியைக் கையைத் தட்டிச் சொல்லிப் பாருங்கள். 'இஸ்', 'கேர்ல்', 'யா', 'னி' என்று நாலு தட்டு விழும். 'யா'வில் ஒன்றும் 'னி'யில் ஒன்றும் விழுவதால்தான் 'ட்ரீ'யோடு இயைகிறது. ஆசிரியைக்கு இதைக் காகிதத்தில் எழுதி அனுப்பாதீர்கள், மறுபடியும் 'லீனி' என்றே படிப்பார். மகளின் குரலில் பதிவுசெய்து அனுப்புங்கள். ழகரம் அவருக்கு வராது என்று நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம். கனடாவில் பலர் 'ரெட்' என்று சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தைத் தொடாமல் பின்னுக்கு வளைகிறது. நம் ழகரத்துக்கு வெகு அருகில் இருக்கும் ஒலி அது. அந்த 'ர'வைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லச் சொன்னால் போதும், வந்துவிடும்.

அப்புறம் கவின். அவனுக்கு இப்போதே சொல் தயார். ரொட்டி சுடும் அடுப்பை ஆங்கிலத்தில் 'ஓ' போட்டு எழுதினாலும் 'அவன்' என்றுதானே சொல்கிறார்கள்? அதுதான் கவினுக்கு ஜோடி. சுடச்சுட ரொட்டி எடுத்து நீட்டும் பையனாக அவனைப் பாட்டில் வைக்கலாம். 'கேவின்' என்று யாராவது கூப்பிட்டால் மட்டும் அந்தப் பாட்டு கெட்டுவிடும். வகுப்பில் சேரும் முதல் நாளே சரியாகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.