அமெரிக்காவில் பக்கத்து நிலத்துக்காரர் தன் நிலத்தில் துப்பாக்கி சுட்டுப் பழகுகிறார். நாம் என்ன செய்ய முடியும்?

கேள்வி கேட்டவர் டெக்சஸில் ஊருக்கு வெளியே 5 ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறார். சனி, ஞாயிறு வந்தால் பக்கத்து நிலத்துக்காரரும் அவர் பிள்ளைகளும் மதியம் முழுக்கச் சுடுகிறார்கள். ஷெரிஃப் அலுவலகத்துக்கு, அதாவது அந்தப் பகுதிப் போலீசுக்கு, போன் செய்ததில் ஓர் அதிகாரி வந்து பார்த்துவிட்டு, "அவர் நிலம், அவர் சுடுகிறார், குற்றம் ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். இதற்கு வழியே கிடையாதா என்கிறார்.

நானும் ஆஸ்டினுக்குக் கிழக்கே அப்படிப்பட்ட இடத்தில்தான் குடும்பத்தோடு பல வருடங்களாக இருக்கிறேன். வழி உண்டு. முதலில் சத்தத்தையும் குண்டையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சத்தம் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். குண்டு உங்கள் வேலியைத் தாண்டுமா என்பதில் பேரமே கூடாது. நம் ஊரில் திடீரென்று வெடிச்சத்தம் கேட்டால் ஒன்று திருவிழா, இல்லையென்றால் சாவு. அதனால் இங்கே வந்ததும் சத்தம்தான் நம்மை முதலில் ஆட்டிவைக்கிறது, நம்மவர்கள் புகாரும் அதைப் பற்றியே கொடுக்கிறார்கள். இங்கே எடுபடாத புகார் எதுவென்றால் அதுதான்.

டெக்சஸ் சட்டத்தில் உங்களுக்கு உதவுகிற வரி வேறு இடத்தில், பூங்கா மற்றும் வனவிலங்குச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. வேட்டையாடும்போதோ பொழுதுபோக்குக்காகச் சுடும்போதோ ஒருவர் தெரிந்தே சுட்ட குண்டு நில எல்லையைத் தாண்டிப் போனால் அது குற்றம். குற்றமாகாமல் இருக்க வேண்டுமென்றால் எல்லையின் இரண்டு பக்க நிலமும் சுடுகிறவருடையதாக இருக்க வேண்டும், அல்லது அடுத்த நிலத்துக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். இதை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஷெரிஃப் அலுவலகத்துக்கு மறுபடி போன் செய்தால் "சத்தம் தாங்க முடியவில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். "அவர்கள் சுடுகிற திசையில் என் வீடு இருக்கிறது, குண்டை நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை" என்று சொல்லுங்கள். அது உண்மையாக இருந்தால் மட்டும்.

இன்னொன்றும் உண்டு. டெக்சஸில் கவுன்ட்டிகள் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) துப்பாக்கி விஷயத்தில் இஷ்டத்துக்கு விதி போட முடியாது. ஆனால் நகர எல்லைக்கு வெளியே, மனைப்பிரிவாகப் பிரித்த இடத்தில், 10 ஏக்கரோ அதற்குக் குறைவாகவோ உள்ள மனைகளில் சுடுவதைத் தடுக்கக் கவுன்ட்டி கமிஷனர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. எல்லாக் கவுன்ட்டியும் அப்படி உத்தரவு போட்டிருக்காது. உங்களது 5 ஏக்கர் என்பதால் பக்கத்து மனையும் இந்த அளவுக்குள் இருக்கலாம், கவுன்ட்டி கிளார்க் அலுவலகத்தில் அவசியம் கேட்டுப் பாருங்கள். கூடவே வீட்டுப் பத்திரத்தோடு வந்த மனைக் கட்டுப்பாடுகளையும் எடுத்துப் படியுங்கள். சில மனைப்பிரிவுகளில் துப்பாக்கி சுடக்கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். கையெழுத்துப் போடும்போது யாரும் அதைப் படிப்பதில்லை.

வேறு மாநிலத்தில் இருந்து இதைப் படிப்பவர்கள் டெக்சஸ் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நியூயார்க்கில் அடுத்தவர் வீட்டிலிருந்து 500 அடிக்குள் அவர் சம்மதம் இல்லாமல் சுடக்கூடாது. ஃப்ளோரிடாவில் கொல்லைப்புறங்களில் சிலர் சுடுதளம் போட ஆரம்பித்து, அக்கம்பக்கத்தார் கொதித்துப்போன பிறகு, 2016-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஏக்கருக்கு ஒரு வீடோ அதற்கு மேலோ உள்ள குடியிருப்புப் பகுதியில் பொழுதுபோக்காகச் சுடுவது இப்போது அங்கே குற்றம்.

சரி, குண்டுக்கு வருகிறேன். உலகத்திலேயே மிகச் சாதாரணமான துப்பாக்கி என்று இவர்கள் நினைப்பது பாயின்ட் 22 என்ற சின்னக் குண்டு ரகம். பத்து வயதுப் பையனுக்குக்கூட வாங்கிக் கொடுப்பார்கள். அதன் தோட்டாப் பெட்டியின் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். பல கம்பெனிப் பெட்டிகளில் ஒன்றரை மைல் வரை போகும் என்ற எச்சரிக்கை சின்ன எழுத்தில் இருக்கும். பெரிய ரைஃபிள்கள் அதைவிட வெகுதூரம் போகும். 5 ஏக்கர் நிலத்தில் மூலைக்கு மூலை நடந்தாலும் ஆயிரம் அடிக்குள்தான் வரும். அதனால் சின்ன நிலத்தில் சுடுவது பாதுகாப்பா என்பதற்கு ஒரே பதில், இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான்.

எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் ஓய்வுபெற்ற பெரியவர். ஒரு வாரநாள் காலையில், அவர் வேலி சரிசெய்துகொண்டிருந்தபோது போய், "நீங்கள் சுடுகிற இடத்தைக் காட்டுவீர்களா, குழந்தைகள் எந்தப் பக்கம் விளையாடலாம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்" என்று கேட்டேன். நிறுத்தச் சொல்லவில்லை. அவருக்கு மகிழ்ச்சிதான், உடனே கூட்டிக்கொண்டு போனார். புல்டோசர் வைத்து ஆள் உயரத்துக்கு மேல் மண்ணைக் குவித்து மேடு கட்டியிருந்தார். இலக்குகள் அதன் அடியில் இருந்தன. மண்ணைக் கையால் கிளறினால் நசுங்கிய செம்பும் ஈயமும் கிடைத்தன. நல்லது, குண்டு அங்கேதான் நிற்கிறது. அப்புறம் மேட்டுக்குப் பின்னால் இருந்த மரங்களை நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு மரங்களில், மேட்டின் உச்சிக்கு மேலே, பட்டை தெறித்து வெள்ளை மரம் தெரிந்தது. நான் ஒன்றும் பேசவில்லை, கையை மட்டும் நீட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. பேரன்கள் நின்றுகொண்டு வேகமாகச் சுட்டதில் மேலே போயிருக்கிறது. மேட்டை உயர்த்தினார், அன்றிலிருந்து வேகச் சுடுதலுக்குத் தடை போட்டார்.

நீங்களும் இதையே பாருங்கள். மேடு கல் இல்லாத மண்ணா? கல்லில் பட்டால் குண்டு திசைமாறித் தெறிக்கும். குளத்துத் தண்ணீரின் மேல் சுட்டாலும் குண்டு தாவும், இது பலருக்குத் தெரியாது. இலக்காக இரும்புத் தகடு தொங்கவிட்டிருந்தால் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் சிதறல் தரைக்குப் போகும். மரக்கூட்டம் மட்டும்தான் தடுப்பு என்றால் அதைத் தடுப்பாகவே கணக்கில் எடுக்காதீர்கள். பொறுப்பாகச் சுடுகிறவருக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும், நீங்கள் கேட்டால் மதிப்பார். கேட்டதற்கே ஒருவர் எரிந்து விழுந்தால், அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

போகிற நேரம் மிக முக்கியம். அவர்கள் சுட்டுக்கொண்டிருக்கும்போது, குடித்திருக்கும்போது, இருட்டிய பிறகு வேலியோரம் போகவே போகாதீர்கள். 2023 ஏப்ரலில் இதே டெக்சஸில் கிளீவ்லண்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில், இரவில் முற்றத்தில் சுட்டுக்கொண்டிருந்தவரிடம், குழந்தை தூங்குகிறது, கொஞ்சம் தள்ளிப் போய்ச் சுடுங்கள் என்று பக்கத்து வீட்டார் கேட்டார்கள். அவர் துப்பாக்கியோடு அவர்கள் வீட்டுக்குள் புகுந்து, ஒரு சிறுவன் உட்பட 5 பேரைக் கொன்றார். அந்தக் குடும்பம் பணிவாகத்தான் கேட்டது, போலீசுக்கும் பலமுறை போன் செய்தது. அவர்கள் மேல் ஒரு தவறும் கிடையாது. இதை எழுதும்போதும் நெஞ்சு பதறுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் "தைரியமாகப் போய்க் கேள்" என்று இங்கே ஏற்கெனவே சிலர் பதில் எழுதியிருக்கிறார்கள். பகலில், வாரநாளில், கையில் துப்பாக்கி இல்லாதபோது போங்கள். இரவென்றால் 911 என்ற அவசர எண் மட்டும்தான்.

வீட்டுச் சுவரிலோ காரிலோ குண்டு பட்டிருந்தால் பேச்சுவார்த்தைக்கே போகாதீர்கள். உடனே 911. குண்டைத் தோண்டி எடுக்காமல் அப்படியே விட்டு, துளையைப் படம் எடுத்து வையுங்கள். துளையின் கோணத்தை வைத்து எங்கிருந்து வந்தது என்று அவர்களால் பார்க்க முடியும்.

சத்தத்துக்குத் தீர்வு எங்கள் அனுபவத்தில் எளிதாகவே கிடைத்தது. ஞாயிறு காலை வேண்டாம், குழந்தை தூங்கும் மதிய நேரம் வேண்டாம், ஆரம்பிக்கும் முன் ஒரு குறுஞ்செய்தி. அவ்வளவுதான். எதிர்பாராமல் வரும் சத்தம்தான் பாதிப் பயம், நாய்க்கும் அப்படித்தான். சைலன்சர் போடச் சொல்லலாமா என்றால், சொல்லலாம். 200 டாலராக இருந்த அதற்கான கூட்டாட்சி வரி 2026 ஜனவரியிலிருந்து பூஜ்யம், பதிவு மட்டும் இன்னும் வேண்டும். ஆனால் ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு வழியெல்லாம் கிளப்பும் சுளீர் ஓசையைச் சைலன்சர் நிறுத்தாது. வெடிக்கும் இலக்குகள் மட்டும் வேண்டாம் என்று உறுதியாகக் கேளுங்கள். 2021-ல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு குவாரியில் இந்த இலக்குகளில் போடும் டானரைட் என்ற வெடிபொருளை 80 பவுண்டு வெடித்து ஊரையே உலுக்கினார்கள்.

எதுவும் எடுபடவில்லை என்றால் துப்பாக்கிச் சட்டத்தை விட்டுவிட்டு நிலப் பயன்பாட்டுச் சட்டத்தைப் பிடியுங்கள். வெர்மான்ட் மாநிலத்தில் பாலெட் என்ற சிற்றூரில் ஒருவர் சுமார் 30 ஏக்கரில் துப்பாக்கிப் பயிற்சி முகாமே நடத்தினார். அக்கம்பக்கத்தார் பல வருடம் பயத்தோடு வாழ்ந்தார்கள். கடைசியில் அவரை மடக்கியது, அனுமதி வாங்காமல் கட்டடம் கட்டினார் என்ற வழக்குதான். 2021-ல் நீதிமன்றம் அபராதம் விதித்து, கட்டியதை இடிக்க உத்தரவிட்டது. மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. காசு வாங்கிக்கொண்டு வெளியாட்களைச் சுடவிடுகிறவர் உங்கள் பக்கத்து நிலத்தில் இருந்தால் இந்த வழியைப் பாருங்கள். டெக்சஸில் நகர எல்லைக்கு வெளியே எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் மண்டல விதிகள் பெரும்பாலும் கிடையாது என்பதால் உங்களுக்கு இது கொஞ்சம் கடினம். மனைக் கட்டுப்பாடுகளும், அவர் செய்வது நமக்குத் தொல்லை என்று தொடுக்கும் சிவில் வழக்கும்தான் மிச்சம். பல மாநிலங்களில் பழைய சுடுதளங்களைச் சத்த வழக்கிலிருந்து காக்கும் சட்டங்கள் இருப்பதால், வழக்குக்கு முன் உள்ளூர் வக்கீலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நம்மவர்களுக்காக ஒன்று. பழக்கம் ஏற்பட்டதும் பக்கத்து நிலத்துக்காரர் "வாங்க, நீங்களும் இரண்டு ரவுண்டு சுடுங்க" என்று அன்பாகக் கூப்பிடுவார். எச்1பி, எச்4, எல்1, எஃப்1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. விசாவில் இருந்தால் உரிமம் எடுக்காமல் தொடாதீர்கள். "வேடிக்கை பார்க்கிறேன்" என்று சொல்லி, காது மூடியும் கண்ணாடியும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு பின்னால் நில்லுங்கள்.