மார்ஃபின் எழுதிவிட்டார்களே, இனி அவ்வளவுதானா?

கேள்வி: அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். கீமோ நடக்கும்போதே பேலியேட்டிவ் கேர் டாக்டரையும் பார்க்கச் சொல்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களா?

பதில்: இல்லை அம்மா. வலி, மூச்சிரைப்பு, பயம், தூக்கமின்மை இவற்றைத் தணிப்பதுதான் இந்த ஆதரவு சிகிச்சை. கீமோவோடு சேர்ந்தே நடக்கலாம். நோய் பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே இதையும் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. ஆயுளும் சில மாதங்கள் கூடியிருந்தது. தாராளமாகக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மாத்திரை பழக்கமாகிவிடாதா? கடைசி நாளில் கொடுப்பதுதானே?

பதில்: இந்தப் பயத்தால் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மனம் ஆறவில்லை. மார்ஃபின் தருவது வலியின் அளவைப் பார்த்து, மிச்சமிருக்கும் நாளை எண்ணி அல்ல. குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டினால் உயிருக்கு ஆபத்தில்லை. உடல் பழகுவது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு. கதிர்வீச்சால் வலி அடங்கியதும் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்கள் உண்டு. முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் வரலாம், பிறகு சரியாகிவிடும். மலச்சிக்கல் மட்டும் போகாது. மலமிளக்கியை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தால் வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், அளவு மாறும்.

கேள்வி: ஆதரவு சிகிச்சை புற்றுநோய்க்கு மட்டும்தானா?

பதில்: இல்லை. இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய், பக்கவாதம், மறதி நோய் எல்லாவற்றுக்கும் உண்டு.

கேள்வி: பாட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைய முடியவில்லை.

பதில்: தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் ஆதரவு சிகிச்சையும் அடக்கம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள்.

கேள்வி: படுத்த படுக்கையாக, கடைசிக் கட்டத்தில் இருக்கும் அப்பா சாப்பாட்டை ஒதுக்குகிறார். பட்டினி போடுகிறோம் என்று உறவினர்கள் ஏசுகிறார்கள்.

பதில்: வாய்ப்புண், குமட்டல், மலச்சிக்கல் இருக்கிறதா என்று முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், அவை சரிசெய்யக்கூடியவை. அப்படி எதுவும் இல்லையென்றால், உடல் ஓயும்போது பசியும் ஓய்கிறது, அவ்வளவுதான். வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும். நிமிர்த்தி உட்காரவைத்து, கேட்டால் இரண்டு ஸ்பூன் கஞ்சி கொடுங்கள். வேண்டாம் என்றால் ஈரத்துணியால் உதட்டை நனைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள்.