வாடிக்குள் கடதாசி, வட்ஸ்அப்பில் வைத்தியம்

கேள்வி: அக்கா, நான் திருகோணமலை திருக்கடலூரில் இருக்கிறேன். அப்பாவுக்கு 66 வயது. முப்பது வருடத்துக்கு மேல் கடலுக்குப் போனவர். கொரோனா ஊசி போடவே மாட்டேன் என்று நிற்கிறார். போட்ட கையில் காசு ஒட்டுகிறதாம், போட்டவர்கள் இரண்டு வருடத்தில் முடிந்துவிடுவார்களாம். இந்தக் குரல் பதிவுகளைக் காலையும் மாலையும் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடுகிறார். ஊரடங்கிலும் பின்னேரம் கரையில் இருக்கிற மீன் வாடிக் கொட்டிலுக்குள் ஏழெட்டுப் பேரோடு கடதாசி விளையாட்டு. போன வருடம் மீனை ஒருவரும் வாங்காமல் விட்டதில் இருந்து யார் சொல்வதையும் நம்புவதில்லை. பொறுக்க முடியாமல் நானும் குழுவில் “படிப்பறிவு இல்லாத கதை கதைக்காதீங்க அப்பா” என்று எழுதிவிட்டேன். அவர் குழுவை விட்டுப் போய்விட்டார். ஒன்பது நாளாக என்னோடு பேச்சில்லை. அம்மாவுக்குச் சீனி வருத்தம். “அவர் போடாமல் நான் மட்டும் எப்படி” என்கிறார். என்ன செய்யட்டும்?

– ஒரு மகள், திருகோணமலை, 2021

பதில்: தங்கச்சி, காசு ஒட்டுகிற கதையைப் பிறகு பார்ப்போம். மீன் கதையை ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அங்கேதான் கண் நின்றது.

2020 ஒக்டோபரில் கொழும்புக்குப் பக்கத்தில் பேலியகொட மீன் சந்தையில் கொரோனா பரவி, சந்தையை மூடினார்கள். சனநெரிசலில் ஆளுக்கு ஆள் தொற்றிய நோய் அது. ஆனால் “மீன் சாப்பிட்டால் கொரோனா வரும்” என்று நாடு முழுக்கக் கதை ஓடியது. அடுத்த மாதம் முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் பத்திரிகையாளர்கள் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்ட வேண்டி வந்தது. பார்த்தவர்கள் சிரித்தோம். பிடித்த மீனை எடுக்க லொறி வராமல், பெட்டியில் ஐஸ் உருகுவதைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றவருக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அன்று உங்கள் அப்பாவின் வயிற்றில் அடித்தது, யாரோ யோசிக்காமல் அனுப்பிய ஒரு கதை. இன்று அதே வேலையை அவர் செய்கிறார். ஆனால் இதை நீங்கள் அவருக்குச் சொல்லிக் காட்ட வேண்டாம். ஒருநாள் பக்கத்தில் இருந்து, “அந்த நேரம் எத்தனை நாள் மீன் போகாமல் கிடந்தது அப்பா? யார் கிளப்பிவிட்ட கதை அது?” என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் வாய் திறக்க வேண்டாம். மிச்சத்தை அவர் தனியாக இருந்து யோசிப்பார்.

அவருடைய அவநம்பிக்கை முழுக்க முழுக்க முட்டாள்தனம் என்றும் நான் சொல்லமாட்டேன். கேகாலையில் ஒருவர் காளி அம்மன் கொடுத்த மருந்து என்று பாணி காய்ச்சினார். ஆயிரக்கணக்கில் சனம் போய் நின்றது. அன்றைய சுகாதார அமைச்சரே அதைக் குடித்தார், 2021 ஜனவரியில் அவருக்கும் தொற்று வந்தது. கொரோனாவில் செத்தவர்களின் உடலைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், இங்கே மாதக்கணக்கில் எரித்தே தீருவோம் என்று நின்றார்கள். புதைப்பதே வழக்கமான முஸ்லிம்கள் அதிகம் வாழ்கிற கிண்ணியாவிலும் மூதூரிலும் கேட்டால் அந்த வலி இன்னும் ஆறவில்லை என்பார்கள். மேலிடம் இப்படி நடந்தால் கீழே இருப்பவர் யாரை நம்புவார்?

நானும் சுத்தமில்லை. 2020 மார்ச்சில், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடித்தால் வைரஸ் வயிற்றுக்குள் இறங்கிச் செத்துவிடும் என்று ஒரு செய்தி வந்தது. ஒரு பெரிய டொக்டர் சொன்னதாம். இருபது பேருக்கு அனுப்பினேன். பொய் என்று தெரிந்த பிறகு அந்த இருபது பேருக்கும் “அது பிழை” என்று அனுப்பினேனா? இல்லை. வெட்கம்.

அதனால் முதலில் அந்தப் “படிப்பறிவு” என்ற சொல்லுக்கு மன்னிப்புக் கேளுங்கள். ஊசி விசயத்தில் நீங்கள் சொன்னது சரிதான், அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் மாமா, சித்தப்பா, மருமக்கள் எல்லோரும் இருக்கிற குழுவில் ஒரு தகப்பனைப் படிக்காதவர் என்றால் அவர் ஊசியைப் பற்றியா யோசிப்பார்? ஒரு பிளேன்ரீ போட்டுக்கொண்டு போய் நேரில் சொல்லுங்கள். அன்றைக்கு ஊசிப் பேச்சே வேண்டாம்.

அடுத்தது வாடி. எனக்குப் பெரிய பயம் இதில்தான். ஊரடங்கு நேரத்தில் கூடுவதே பிழை, அதில் பேச்சில்லை. ஆனால் “போகக்கூடாது” என்று கதவில் நின்றால் பின்பக்கத்தால் போவார். அவருக்குப் புரிகிற மாதிரிச் சொல்லிப் பாருங்கள். வாடிக்குள் ஒருவர் சுருட்டுப் பற்ற வைத்தால் மற்ற ஏழு பேருக்கும் மணக்கும். கிருமியும் மூச்சோடு அப்படித்தான் அடைத்த இடத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும். வெளியே மணலில் கச்சான் காற்றில் அந்தப் புகை எங்கே நிற்கப் போகிறது? காற்றைப் பற்றி உங்களையும் என்னையும் விட அவருக்கு நன்றாகத் தெரியும். விளையாட்டை விடவே முடியாது என்றால் இரண்டு பேராக, வெளியில், முகக்கவசத்தோடு. வீட்டுக்கு வந்தால் அம்மாவின் அறைக்குள் போய்ப் படுக்காமல் திண்ணையில் படுக்கட்டும். இந்த ஒன்றில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருக்கலாம், தங்கச்சி. அம்மாவின் சீனி வருத்தத்தைச் சொல்லியே கண்டிப்பாக இருக்கலாம்.

சரி, காசு ஒட்டுகிற கதை. ஊசி போடாத அவருடைய கையிலேயே ஒரு காசுக் குற்றியை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நம்முடைய ஊர் வெயிலில் வியர்த்த தோலில் அது யாருக்கும் ஒட்டும். இரண்டு வருடத்தில் சாவார்கள் என்பதை, நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு விஞ்ஞானி லுக் மொண்டக்னியர் சொன்னதாகக் 2021 மே மாதத்தில் இருந்து சுற்றவிடுகிறார்கள். அவர் தடுப்பூசிகளைக் குறை சொன்னது உண்மை. சாவைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை. 2021இல் நாட்டில் அதிகம் போட்ட சீனாவின் சைனோபாம், செத்த வைரஸை வைத்துச் செய்த ஊசி. அரை மில்லிலீற்றர், நாலு கிழமை இடைவெளியில் இரண்டு தரம். கை நோகும், சிலருக்கு ஒருநாள் காய்ச்சல் வரும். போட்ட பிறகும் தொற்று வரலாம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நாளை யாருக்காவது வந்தவுடன் “பார்த்தாயா” என்பார். உயிருக்கு ஆபத்தாகிற அளவுக்குப் போவதைத்தான் அது பெரும்பாலும் தடுக்கிறது.

கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறாரா, குடிக்கட்டும். நீங்களும் ஒரு கோப்பை வாங்கிக் குடியுங்கள். ஆவி பிடிப்பதில் மட்டும் கவனம். அது கிருமியைக் கொல்லாது, கொதிக்கிற பானை சரிந்தால் தோல் உரிந்துவிடும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் இரத்தத்தில் ஒட்சிசன் அளவைக் காட்டுகிற ஒரு ஒக்சிமீட்டர் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். 94க்குக் கீழே காட்டினால், ஆள் எழும்பி இருந்து கதைத்தாலும் காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

அப்புறம் அம்மா. அப்பா மனம் மாறும் வரைக்கும் அம்மாவைக் காக்க வைக்க வேண்டாம், இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள். வரிசையில் நிற்க அம்மாவுக்குக் கால் உளையும், ஒரு பிளாஸ்ரிக் கதிரை தூக்க ஆள் வேண்டும் என்று அப்பாவிடம் கேளுங்கள். ஊசி போட வரச் சொல்லாதீர்கள், கதிரை தூக்க மட்டும். அங்கே அவரோடு கடலுக்குப் போனவர்கள் நாலு பேராவது மரத்தடியில் கையைத் தடவிக்கொண்டு இருப்பார்கள். அவருடைய அடையாள அட்டையை மறக்காமல் உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.