கார் அலாரம், கதவு வயர் பிரச்சனை: கேள்வி பதில்

பாளையங்கோட்டைல ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேல பாக்கேன். இன்னைக்கு அலாரத்துக்குப் போற கதவு வயர் பத்தி மட்டும் கேளுங்க. மொதல்லயே சொல்லிருதேன், மல்டிமீட்டர் வச்சு பாக்காம எந்த வயரையும் வெட்டாதீங்க, மஞ்சள் உறை போட்ட வயர் ஏர்பேக்குக்குப் போறது, அது பக்கம் கையே போகக்கூடாது.

வள்ளியூர் தம்பி: அண்ணாச்சி, டிரைவர் கதவத் தொறந்தா அலாரம் அடிக்கு, மத்த மூணு கதவத் தொறந்தா கம்முனு கெடக்கு. யூனிட் போச்சா?

யூனிட் நல்லாத்தான் இருக்கு தம்பி. நெறைய வண்டில டிரைவர் கதவு சுவிட்சுக்கு தனி வயர், மத்த மூணுக்கும் சேத்து ஒரு வயர். சாவிய விட்டுட்டு எறங்குனா பீப் அடிக்கணும்லா, அதுக்காக அந்த ஒரு கதவ பிரிச்சு வச்சிருப்பான். உங்களுக்கு மாட்டுனவரு டிரைவர் கதவு வயர மட்டும் புடிச்சிட்டுப் போயிட்டாரு. இப்போ ரெண்டு வயரையும் நேரா முறுக்கி சேத்துராதீங்க, சேத்தா பின் கதவு தொறந்தாலும் டிரைவர் கதவு தொறந்த மாதிரி வண்டிக்குத் தெரியும். 1 என் 4007 டயோடு (கரண்ட ஒரு பக்கமா மட்டும் விடுத சின்ன சாமான்) ரெண்டு வாங்குங்க, ரொம்ப கொறஞ்ச வெலதான். டயோடுல ஒரு பக்கம் வெள்ளைக் கோடு இருக்கும், நெகட்டிவ் டிரிக்கர்னா (கதவு தொறந்தா வயர் எர்த் ஆகுத வகை) கோடு உள்ள பக்கம் கதவு சுவிட்ச் வயருக்கு, கோடு இல்லாத பக்கம் ரெண்டையும் ஒன்னாக்கி சால்டர் பண்ணி (ஈயம் உருக்கி ஒட்டி) அலாரத்துக்கு. திருப்பி மாட்டுனா அலாரம் எந்தக் கதவையும் பாக்காது, பயப்படாம மாத்திப் போடுங்க.

அம்பாசமுத்திரம்: நெகட்டிவ் டிரிக்கரா பாசிட்டிவா, எப்படி கண்டுபிடிக்க?

மீட்டர டிசி 20 வோல்ட்ல வச்சு கருப்பு முனைய பாடில நல்ல எர்த்துல குத்துங்க, செவப்ப சந்தேகப்படுத வயர்ல. கதவு மூடுனா 12 வோல்ட் கிட்ட, தொறந்தா 0 வந்தா நெகட்டிவ். பழைய மாருதி 800, ஆம்னி எல்லாம் இதுதான், கதவு சட்டத்துல இருக்க பட்டன் சுவிட்ச் தொறக்கும்போது எர்த் குடுக்கும். மூடுனா 0, தொறந்தா 12 வந்தா பாசிட்டிவ். அலாரத்துல ரெண்டுக்கும் தனித்தனி வயர் இருந்தா ஏத்தத மட்டும் மாட்டி இன்னொன்ன டேப் சுத்தி விட்டுருங்க. நெகட்டிவ் மட்டுந்தான் இருக்குன்னா ஒரு ரிலே (கரண்ட் வந்தா தானா போடுத சுவிட்ச்), அதுல உள்ள பின் நம்பர் பாத்து மாட்டுங்க: 86ல கதவு வயர், 85ம் 30ம் எர்த், 87 அலாரத்துக்கு. புது வண்டில 12க்கு பதில் 5 வோல்ட் கிட்ட காட்டுனா அது பி.சி.எம் (வண்டியோட கதவு, லைட் எல்லாத்தையும் பாத்துக்கிடுத கம்ப்யூட்டர்) வயர், அங்க டெஸ்ட் பல்ப வைக்கவே கூடாது, மீட்டர் மட்டும்.

சங்கரன்கோவில்: என்ன கலர் வயர்னு சொன்னா போதும்.

கலர் வண்டிக்கு வண்டி, மாடலுக்கு மாடல் மாறும். மீட்டர் வச்சு பாருங்க.

தென்காசி: குத்தாலத்துல சாரல் நேரம் ராத்திரி ஒரு மணிக்கு சும்மாவே அடிக்கு, லாட்ஜ்ல எல்லாரும் வையுதாங்க.

கதவு வயர அலாரத்துல இருந்து கழட்டி ஒரு ராத்திரி விடுங்க. அடிக்கலைன்னா கதவு சுவிட்ச்தான், ரப்பர் தொப்பி கிழிஞ்சு தண்ணி எறங்கியிருக்கும். அப்பவும் அடிச்சா பானட் சுவிட்ச் துரு இல்லன்னா ஷாக் சென்சார் (வண்டி அதிருதத பாத்து அடிக்கிறது). நெறைய அலாரத்துல ஆஃப் பண்ணும்போது லைட் எத்தன தடவ மின்னுதுன்னு பாத்தே எது அடிச்சதுன்னு சொல்லிரலாம், புக்ல இருக்கும்.

நாங்குநேரி: உள் லைட்ட எல்.ஈ.டி ஆக்குனதுல இருந்துதான் தொல்லை.

பழைய பல்பு வழியாத்தான் அந்த வயருக்கு 12 வந்துக்கிட்டு இருந்துச்சு, எல்.ஈ.டி அத ஒழுங்கா குடுக்காது. 12 வோல்டுக்கும் அந்த வயருக்கும் நடுவுல 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்க, ஃபியூஸ் வழியா.

மேலப்பாளையம் மெக்கானிக் ஒருத்தர்: எதுக்கு டயோடு, சால்டர்னு பெருசாக்குதீரு வே, முறுக்கி டேப் போட்டா வருசக்கணக்கா ஓடுது.

அண்ணாச்சி, ஓடுற வண்டிய நீங்க பாக்கீங்க, நின்னது எங்கிட்ட வருது. நம்ம ஊரு சித்திரை வெயில்ல மூடுன வண்டிக்குள்ள டேப் பசை உருகி வழிஞ்சிரும், முறுக்கு தளர்ந்து ரோட்டுக் குண்டு குழில குலுங்கும்போதெல்லாம் அடிக்கும். வண்டிக்காரரு அலாரத்த மாத்திருவாரு, காசு தெண்டம்.

தூத்துக்குடி: சால்டரும் ஆவாது, சால்டர் முடியுத எடத்துல வயர் வெறச்சு ஒடியும். கிரிம்ப்தான் (சின்னக் குழாய்க்குள்ள வயர விட்டு நெருக்குறது) சரி.

நியாயமான பேச்சு. கதவுக்கும் பாடிக்கும் நடுவுல ரப்பர் குழாய்க்குள்ள வயர் தெனம் மடங்குது, அங்க சால்டர் வேண்டவே வேண்டாம், நடுவுல ஒட்டே இல்லாம முழு வயரா மாத்துங்க. டேஷ்போர்டுக்குக் கீழ ஆடாம கட்டி வச்சா சால்டர் பண்ணி ஹீட் ஸ்லீவ் போடுறது நிக்கும்.

மேலப்பாளையம்: அதுக்கு நேரம் யாரு குடுக்கா? கஸ்டமரு அரை மணில வண்டி கேக்காரு.

கேக்கத்தான் செய்வாரு. அரை மணில முடியாதுன்னு நாமதான் சொல்லணும். பொம்பளப்புள்ளைங்க ராத்திரி ரோட்டுல நிக்கும்போது கதவு தொறந்தா அடிக்கணும், அதுக்குத்தான அலாரம்.

களக்காடு: அண்ணாச்சி எந்த கலர் வயர்?

மேல வாசிங்க. மீட்டர்.

ராதாபுரம்: ஆடிக் காத்துல அடிக்கு.

ஷாக் சென்சார் திருகக் கொறைங்க, கதவு வயர் இல்ல.

சேரன்மகாதேவி: பைக் அலாரத்துக்கு?

பைக்குல கதவு இல்லையே, அது வேற நாள்.

கடையநல்லூர்: உள் லைட்ட ஆஃப்ல வச்சா கதவத் தொறந்தாலும் அடிக்கல.

லைட் சுவிட்சுக்கு அந்தப் பக்கம் புடிச்சிருக்காங்க. கதவு சுவிட்ச் பக்கத்துக்கு மாத்துங்க. லைட் மெதுவா அணையுத வண்டிலயும் அப்படித்தான், இல்லன்னா பூட்டுன பொறவும் கதவு தொறந்திருக்குன்னே அலாரம் நெனைக்கும்.

ஸ்ரீவைகுண்டம் அம்மா: 2023 டிசம்பர் வெள்ளத்துல நின்ன வண்டி. இப்போ கதவு லைட்டும் அலாரமும் தன் இஷ்டத்துக்கு ஓடுது.

அம்மா, மொதல்ல பேட்டரி நெகட்டிவ கழட்டி வைங்க. கார்ப்பெட்டத் தூக்கி கால் வைக்கிற எடத்துல ஓரமா இருக்க கனெக்டரப் பாக்கச் சொல்லுங்க, பச்சையா பூத்திருக்கும். ஸ்ப்ரே அடிச்சா ஒரு மாசம் நிக்கும், பொறவு திரும்ப வரும், அந்த பின்னையே மாத்தணும். அங்கன உள்ள எர்த் போல்ட்டையும் கழட்டி துரு சுரண்டி முடுக்கணும். சீட்டுக்கு அடியில மஞ்சள் கனெக்டர் இருக்கும், அத யாரும் தொடாம பாத்துக்கிடுங்க. இவ்வளவும் முடிஞ்ச பொறவு அலாரத்த மாட்டுங்க, அதுவரைக்கும் கழட்டியே வைங்க.