தாதுச் சத்தைச் சுடுவதற்கு முன்பே ஏற்றுங்கள்

கேள்வி: பருத்தி மாரையும் மக்காச்சோளத் தட்டையையும் பயோசார் (காற்று குறைவாகச் சுட்டு, மண்ணில் போடும் கரி) ஆக்குகிறோம். சாம்பல், களிமண் இரண்டையும் எப்போது, எவ்வளவு சேர்ப்பது?

பதில்: சுடுவதற்கு முன்பே சேர்த்துவிடுங்கள். சாம்பலிலிருந்து ஊறி உள்ளே போன பொட்டாசியம் சூட்டில் வினையூக்கியாக வேலை செய்யும். கார்பன் புகையாகப் போவது குறைந்து, கரியாகத் தங்குவது கூடும். சுட்ட பிறகு தூவினால் சத்து கிடைக்கும், ஆனால் இந்தப் பலன் கிடைக்காது.

100 கிலோ காய்ந்த கழிவுக்குச் சலித்த விறகுச் சாம்பல் 5 கிலோ, களிமண் 5 கிலோ, தண்ணீர் 50 லிட்டர் என்று தொடங்கலாம். சாம்பல் பெயின்ட் அடிக்காத, மருந்து ஏற்றாத மரத்தினுடையதாக இருக்க வேண்டும். கழிவை விரல் நீளத்துக்கு நறுக்கி, கரைசலில் ஓர் இரவு ஊறவையுங்கள். பிறகு, ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை காயவிடுங்கள். பலரும் அவசரப்படுவது இங்கேதான்: ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் சூடெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகும், புகை கிளம்பும், கரி பாதி வெந்து நிற்கும். களிமண் தடிமனாக அப்பினாலும் இதே கதிதான்.

கரி மண்ணில் நீண்ட காலம் நிலைப்பதற்கு 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கூம்புக் குழியில் எரிப்பவர்கள், மேலடுக்கில் வெண்சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் போடுங்கள். தாமதித்தால் கரியே எரிந்து சாம்பலாகும். கடைசியில் அடிவரை நனையத் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். உள்ளே கனல் மிஞ்சினால் மூட்டையில் மறுபடி பற்றிக்கொள்ளும்.

ஆறியதும் ஒரு துண்டை விரலில் தேயுங்கள். வெறும் தண்ணீரில் கறை போனால் நல்ல கரி. சோப்பு தேவைப்பட்டால் தார் தங்கியிருக்கிறது. மீண்டும் சுட வேண்டும். ஆய்வகத்தில் பார்ப்பதானால் ஹைட்ரஜன்-கார்பன் அணு விகிதத்தை (ஒரு கார்பன் அணுவுக்கு எத்தனை ஹைட்ரஜன் அணு என்பதை) கேளுங்கள். அது 0.7-க்குக் கீழே இருக்க வேண்டும், 0.4-க்கும் கீழே இறங்கினால் இன்னும் உறுதி.

கேள்வி: கரி போட்டதும் பயிர் மஞ்சளடித்தது. ஏன்?

பதில்: எரு கலந்து பதப்படுத்தாத பச்சைக் கரியாகப் போட்டிருப்பீர்கள். அது பயிருக்கு வேண்டிய தழைச்சத்தான அம்மோனியத்தைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். கரியின் காரத்தன்மையால் இரும்பும் துத்தநாகமும் வேருக்கு எட்டாமல் போகும். மட்கிய எருவைச் சம அளவு கலந்து, ஈரம் காயாமல் மூன்று, நான்கு வாரம் வைத்துப் போடுங்கள். மண் ஏற்கெனவே காரமாக இருந்தால் சாம்பலைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: உமிக்கும் களிமண் வேண்டுமா?

பதில்: வேண்டாம். உமியில் சிலிகா இயல்பாகவே அதிகம். அதை 700 டிகிரிக்கு மேல் சுடாதீர்கள். சிலிகா படிகமாக மாறலாம், அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். நனைத்தே கையாளுங்கள்.